ஒரே அறை, மூன்று நாள்: 'ப்ளூ அண்ட் லோன்சம்' பாணியில் ப்ளூஸ் ஆல்பம் பதிவு செய்வது எப்படி

2015 டிசம்பரில் பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் மேற்கு லண்டன் சிஸ்விக்கில் உள்ள பிரிட்டிஷ் குரோவ் ஸ்டுடியோவுக்குப் போனது சொந்தமாக எழுதிய புதுப் பாட்டுகளைப் பதிவு செய்யத்தான். அறையின் ஒலி பிடிபடவில்லை. காது பழகட்டும் என்று சிகாகோ ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்டர் பாடிய பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றை வாசித்துப் பார்த்தார்கள். அது நன்றாக அமைந்துவிட, இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று மூன்றே நாளில் 12 பாட்டு சேர்ந்துவிட்டது. ஒன்றுகூட அவர்கள் எழுதியதில்லை. டான் வாஸ் உடனிருந்து தயாரித்த அந்த ஆல்பம், 'ப்ளூ அண்ட் லோன்சம்', 2016 டிசம்பர் 2 அன்று வந்தது. 2018-இல் பாரம்பரிய ப்ளூஸ் பிரிவில் கிராமி விருதும் பெற்றது.

குழுவின் பெயரே ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1950-இல் பதிவு செய்த ஒரு பாட்டிலிருந்து எடுத்தது. 1964-இல் சிகாகோவில், 2120 சவுத் மிச்சிகன் அவென்யூவில் இருந்த, ப்ளூஸ் இசைத்தட்டு நிறுவனமான செஸ்ஸின் ஸ்டுடியோவுக்கே போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தவர்கள். அரை நூற்றாண்டு கையில் ஊறிய சரக்கு என்பதால் அவர்களுக்கு மூன்று நாள் போதுமாக இருந்தது. மற்றவர்களுக்கு அதற்கு முன்னால் இரண்டு மாத ஒத்திகை வேண்டும். ஆனால் முறை யாருக்கும் ஒன்றுதான். பழைய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), பழைய மைக் என்று லட்சக்கணக்கில் கொட்டினால் அந்த ஒலி வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். அந்த ஒலியில் பெரும்பங்கு வேறு இடத்திலிருந்து வருகிறது: எல்லோரும் ஒரே அறையில், ஹெட்போன் இல்லாமல், ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதால் கேட்டு, சத்தத்தைக் குறைத்து வாசிக்கிறார்கள். கீழே உள்ள எல்லாக் குறிப்பும் இந்த ஒன்றைச் சாத்தியமாக்கத்தான்.

பாட்டுத் தேர்வு

அந்த 12 பாட்டில் நான்கு லிட்டில் வால்டர் பதிவுகளிலிருந்து வந்தவை, இரண்டு ஹவ்லின் வுல்ஃப். மேஜிக் சாம், எடி டெய்லர், ஜிம்மி ரீட், லைட்னின் ஸ்லிம், லிட்டில் ஜானி டெய்லர், ஓடிஸ் ரஷ் ஆகியோருக்கு ஒவ்வொன்று. லிட்டில் வால்டருக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. குழுவின் பாடகர் மிக் ஜாகரும் ஹார்மோனிகா வாசிப்பவர். பாடகர் வாசிக்கும் கருவியே பாட்டின் இரண்டாவது குரல் ஆகிவிடுகிறது. உங்கள் குழுவில் யாருடைய கை வலுவானதோ அவரை வைத்துப் பட்டியலைத் தொடங்குங்கள். ஹார்மோனிகா சுமார்தான் என்றால் மேஜிக் சாம், ஓடிஸ் ரஷ் பக்கம் போங்கள், அங்கே கிட்டார்தான் பேசும்.

எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுகளைத் தொடாதீர்கள், ஒப்பீட்டில் தோற்பீர்கள். 12 பாட்டில் மெதுவானவை மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சுற்றும் ரிஃப் பாட்டு, அதாவது ஒரு சிறு வரியே திரும்பத் திரும்ப வரும் பாட்டு, இரண்டாவது இருக்கட்டும். மீதி ஷஃபிள் (ஊசலாடும் நடை, கீழே விளக்கம்) என்றாலும் வேகமும் ஸ்கேலும் மாறி மாறி வரவேண்டும். எல்லாமே 'இ' ஸ்கேலில் 120 வேகத்தில் இருந்தால் நான்காவது பாட்டிலேயே கேட்பவர் எழுந்து போய்விடுவார்.

கற்பது மூலப் பதிவிலிருந்து மட்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்ததைப் பார்த்து வாசித்தால் நகலின் நகல்தான் கிடைக்கும். மூலத்திலிருந்து வேகம், பாஸ் வரி, டிரம்மரின் வலது கை இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சோலோக்களை எடுக்காதீர்கள். பழைய டேப்புகள் சில இரண்டு ஸ்கேலுக்கு நடுவில் ஒலிக்கும், டேப் ஓடிய வேகம் அப்படி. அதற்காகக் கிட்டாரை முறுக்கிக்கொண்டு கிடக்காமல் அருகில் உள்ள ஸ்கேலுக்கு வந்துவிடுங்கள். ஹார்மோனிகாவை உங்களால் முறுக்க முடியாது.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் போதும். ஸ்கேல், வேகம், ஆரம்பம் எந்தக் கார்டில், இரண்டாவது பாரில் (பார் என்பது நான்கு அடி கொண்ட ஒரு தாள அளவு) கார்டு மாறுமா, யாருக்கு எத்தனை சுற்று சோலோ, முடிவு எப்படி. பாதி டேக்குகள் (பாட்டை ஒருமுறை வாசித்துப் பதிவு செய்வது ஒரு டேக்) வீணாவது முடிவில்தான். ஒருவர் நிறுத்திவிடுவார், இன்னொருவர் அடுத்த சுற்றுக்குள் கால் வைத்திருப்பார்.

12 பாரும் ஷஃபிளும்

வரிசை தெரிந்ததுதான்: ஒன்றாம் கார்டு நான்கு பார், நான்காம் கார்டு இரண்டு, மறுபடி ஒன்று இரண்டு, அப்புறம் ஐந்து, நான்கு, ஒன்று, கடைசிப் பாரில் மீண்டும் ஐந்து. 'ஏ' ஸ்கேலில் இவை 'ஏ', 'டி', 'இ'. சில பாட்டில் இரண்டாம் பாரிலேயே நான்காம் கார்டுக்குப் போய்த் திரும்பும். இதைத் தாளில் எழுதாமல் விட்டால் பாஸும் கிட்டாரும் இடிக்கும்.

சிக்கல் ஷஃபிளில்தான். ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரித்து, முதலாவதையும் மூன்றாவதையும் வாசிக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை: 'தகிட' சொல்லி 'கி'யை விழுங்குங்கள். வேகம் 130-ஐத் தாண்டும்போது அந்த 'கி'யின் இடம் சுருங்கி நேர் நடையாகிவிடும். 90-க்குக் கீழே இறங்கினால் எதிர்மாறு, மூன்றாவது அடி அடுத்த அடியின் மேல் ஒட்டிக்கொண்டு அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். டிரம்மர், பாஸ், தாளக் கிட்டார் மூவரும் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சேர்ந்து கைதட்டிப் பார்த்தால் யாருடைய மூன்றாவது அடி தள்ளி விழுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். சாதாரண ஷஃபிளுக்கு நிமிடத்துக்கு 110 முதல் 130 அடி வசதியான இடம். மெதுவான பாட்டு 12/8-இல், 55 முதல் 65.

கிராமத்து ப்ளூஸ்காரர்கள் 12 பாரை எப்போதும் மதித்ததில்லை. பாடகர் மூச்சு வாங்கினால் பதினொன்றரை, இழுத்தால் பதின்மூன்று. அப்படிப்பட்ட பாட்டை எடுத்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பாடகரின் வாயைப் பாருங்கள். வார்த்தை மாறும்போது கார்டும் மாறும்.

இரண்டு கிட்டார், இரண்டு மாடி

இரண்டு கிட்டார் ஒன்றோடொன்று பின்னி வாசிப்பதை ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் நெசவு என்பார். ஜிம்மி ரீடும் எடி டெய்லரும், மடி வாட்டர்ஸும் ஜிம்மி ரோஜர்ஸும் நெய்தது இந்த நெசவைத்தான். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே கார்டை அடித்தால் சேறுதான்.

'ஏ' ஸ்கேலை எடுத்துக்கொள்வோம். முதல் கிட்டார் கீழ்மாடி: ஐந்தாம் கம்பி திறந்தபடி, நான்காம் கம்பியில் 2-ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் 4-ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல். எப்போதாவது சுண்டுவிரலால் 5-ஆம் ஃப்ரெட். 'டி' கார்டு வரும்போது இதே உருவம் நான்காம், மூன்றாம் கம்பிக்கு நகரும். 'இ'க்கு ஆறாம், ஐந்தாம் கம்பி. மூன்றுக்கும் கை இரண்டாம் ஃப்ரெட்டை விட்டு நகரவே தேவையில்லை. வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் மேல் லேசாகப் படட்டும். அழுத்தினால் சுருதி செத்துவிடும், எடுத்துவிட்டால் கம்பிகள் நீண்டு ஒலித்துப் பாஸோடு சண்டை போடும்.

இரண்டாவது கிட்டார் நான்கு, மூன்று, இரண்டாம் கம்பிகளில் மட்டும். 'ஏ7'-க்கு ஃப்ரெட் 5, 6, 5. 'டி9'-க்கு 4, 5, 5. 'இ9'-க்கு 6, 7, 7. கை அதிகம் போனால் இரண்டு ஃப்ரெட்தான் நகர்கிறது, ஆனால் கார்டு மாறுவது தெளிவாகக் கேட்கும். இவற்றை இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் வெட்டி வெட்டி வாசித்தால் முதல் கிட்டாருக்கு இடம் கிடைக்கும். பாடும்போது இரண்டாவது கிட்டார் வாயைத் திறக்கக் கூடாது. வரி முடிந்த இடைவெளியில் பதில் சொல்லலாம். அங்கே ஹார்மோனிகா இருந்தால் அதுவும் கூடாது.

கம்பி 11 அளவிலிருந்து (முதல் கம்பியின் தடிமன் 0.011 அங்குலம்) தொடங்கட்டும். 9 மாட்டினால் கீழ்மாடி வாசிப்பு வெலவெலத்துப் போகும். ஆம்ப் சின்னதாக இருக்க வேண்டும். ஃபெண்டர் சாம்ப் 5 வாட், பிரின்ஸ்டன் ரீவெர்ப் 12 வாட். இந்த அளவுள்ள எந்த வால்வு ஆம்பும் சரிதான். சின்ன ஆம்பை முக்கால்வாசி திருப்பினால்தான் வால்வு தானாகக் கரகரக்கும். 100 வாட் ஆம்பில் அந்தக் கரகரப்பு வருவதற்குள் அறையில் இருப்பவர் காது போய்விடும். பெடல் வைத்துக் கொண்டுவரும் கரகரப்பு விரல் அழுத்தத்துக்கு ஏற்ப அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை. கிட்டாரின் வால்யூம் குமிழ் 6-இல் பாட்டு, 9-இல் சோலோ என்று வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

அமெரிக்காவில் இருந்து வந்த 120 வோல்ட் ஆம்பை நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. இந்த அளவு ஆம்புக்கு 300 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். எர்த் இருக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். கையில் கிட்டாரோடு நிற்பவரின் உதடு மைக்கில் படும்போதுதான் எர்த் இல்லாதது தெரியவரும், அந்த வழியில் தெரிந்துகொள்ளக் கூடாது.

பாஸ் கிட்டாருக்கு ஃபிளாட்வூண்ட் (வழவழப்பாகத் தட்டையாகச் சுற்றிய) கம்பி, பிரிட்ஜ் பக்கம் கம்பிகளுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் தடிமன் ஸ்பாஞ்ச். செஸ் பதிவுகளில் வில்லி டிக்ஸன் வாசித்தது பெரிய மர பாஸ். அதன் 'தும்' என்று எழுந்து உடனே அடங்கும் குணம் இந்த ஸ்பாஞ்சில் ஓரளவு வந்துவிடும். பியானோ இருந்தால் இடது கையைக் கட்டிப்போடச் சொல்லுங்கள், கீழே ஏற்கெனவே கூட்டம்.

ஹார்மோனிகா

இந்த ஒலியின் உயிர் இங்கேதான், அதிகம் தப்பு நடப்பதும் இங்கேதான். முதல் தப்பு கடையிலேயே நடந்துவிடுகிறது. பாட்டு 'ஏ' ஸ்கேல், அதனால் 'ஏ' ஹார்ப் (ஹார்மோனிகாவைத்தான் இப்படிச் சொல்வார்கள்) என்று வாங்கிவிடுவார்கள். ப்ளூஸில் ஹார்மோனிகாவைப் பெரும்பாலும் ஊதாமல் மூச்சை உள்ளே இழுத்து வாசிப்பார்கள். அதற்குப் பாட்டின் ஸ்கேலிலிருந்து நான்காவது சுரத்தில் உள்ள ஹார்ப் வேண்டும். பாட்டு 'இ' என்றால் ஹார்ப் 'ஏ'. 'ஏ'க்கு 'டி', 'ஜி'க்கு 'சி', 'சி'க்கு 'எஃப்', 'டி'க்கு 'ஜி', 'எஃப்'புக்கு 'பி ஃபிளாட்'. இதற்குக் கிராஸ் ஹார்ப் அல்லது இரண்டாம் பொசிஷன் என்று பெயர். 'ஏ', 'சி', 'டி' என்று மூன்று ஹார்ப் இருந்தால் 'இ', 'ஜி', 'ஏ' பாட்டுகள் அத்தனையும் வாசித்துவிடலாம்.

பத்துத் துளை டயட்டானிக் வகைதான் வாங்க வேண்டும். பக்கத்தில் பொத்தான் உள்ள குரோமாட்டிக் இதற்குச் சரிப்படாது. ஹோனர் மரைன் பேண்ட் பேரிக்காய் மரச் சட்டம் கொண்டது, ஈரத்தில் உப்பி உதட்டைக் கீறும். அதே நிறுவனத்தின் ஸ்பெஷல் 20 பிளாஸ்டிக் சட்டம், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அதுவே நிம்மதி.

'சி' ஹார்ப்பை வைத்து 'ஜி' ஸ்கேல் பாட்டு வாசிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2-ஆம் துளையை இழுத்தால் 'ஜி', அதுதான் வீடு. நான்காம் கார்டான 'சி' வரும்போது 4-ஆம் துளையை ஊதினால் வீட்டுச் சுரம், ஐந்தாம் கார்டான 'டி'க்கு அதே 4-ஐ இழுத்தால் போதும். 3-ஐ இழுத்தால் 'பி'. அதை அரைச் சுரம் வளைத்தால் (வாயின் வடிவத்தை மாற்றிச் சுருதியை இறக்கினால்) 'பி ஃபிளாட்'. ப்ளூஸின் அழுகை இந்த இரண்டுக்கும் நடுவில், முழுதாக எங்கேயும் உட்காராத இடத்தில் இருக்கிறது. 4-ஐ வளைத்தால் 'டி ஃபிளாட்'. 2-ஐ முழுச் சுரம் வரை வளைத்து 'எஃப்' கொண்டுவரலாம். 5-ஆம் துளையை வளைக்கப் பார்க்காதீர்கள். அங்கே வளைவு கிடையாது, பலவந்தம் செய்தால் நாக்கு உடையும் (ஹார்ப்பின் பித்தளை நாக்கைச் சொல்கிறோம்).

புதிதாகத் தொடங்குபவர்கள் 2-ஆம் துளை அடைத்துப்போய் ஒலிக்கிறது என்று ஹார்ப்பைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதுண்டு. ஹார்ப்பில் குறை இருக்காது. அதிக பலத்தோடு இழுக்கும்போது வாயின் வடிவமே அந்தச் சுரத்தைப் பாதி வளைத்துவிடுகிறது. தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து, மூக்கை மூடிக்கொண்டு மெல்ல இழுத்தால் சுரம் திறந்துகொள்ளும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

மைக்குக்கு ஷூர் 520டிஎக்ஸ், அதாவது கிரீன் புல்லட், நேராகக் கிட்டார் ஆம்பில் செருகலாம், அதன் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) அதற்கேற்றது. கையில் எஸ்எம்58 என்ற சாதாரணப் பாட்டு மைக் இருந்தால் அதுவும் உதவும், ஆனால் நடுவில் இம்பிடன்ஸ் மாற்றும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அது இல்லாமல் செருகினால் சத்தம் நோஞ்சானாக வரும், ஆம்பைக் குறை சொல்வீர்கள். மைக்கை விடக் கை முக்கியம். ஹார்ப்பையும் மைக்கையும் சேர்த்துப் பிடித்த பிடியில் காற்றுப் புகாத பை மாதிரி ஒரு குழிவு அமைய வேண்டும். சுண்டுவிரல் பக்கம் ஒரு நூல் இடைவெளி விட்டால்கூட அந்தத் தடித்த, கரகரத்த ஒலி மெலிந்து விசில் மாதிரி ஆகிவிடும்.

ஆம்பில் பேஸ் 7 அல்லது 8, டிரெபிள் 3, வால்யூம் அலறல் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கோடு கீழே. அலறல் சீக்கிரம் வந்துவிடுகிறது என்றால் முதலில் ஆம்பைப் பின்பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அடங்கவில்லை என்றால் முதல் இடத்தில் உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றி 12ஏஒய்7 மாட்டுங்கள். முன்னதன் பெருக்கம் 100, பின்னதன் பெருக்கம் சுமார் 45. 12ஏயு7 என்றால் 20-க்குப் பக்கம். ஆம்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வால்வு ஆறிய பிறகு செய்யும் வேலை இது. சாலிடரிங் எதுவும் கிடையாது.

சாப்பிட்டதும் வாசிக்காதீர்கள், துணுக்குகள் நாக்கில் ஒட்டும். வாசித்து முடித்ததும் உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி எச்சிலை வெளியேற்றுங்கள். பதிவு நாளில் ஒவ்வொரு ஸ்கேலிலும் இரண்டு ஹார்ப் இருக்கட்டும். 4 அல்லது 5-ஆம் துளையின் இழுப்பு நாக்கு, நல்ல டேக் நடுவில் பார்த்துத்தான் சுருதி இறங்கும்.

அறையும் மைக்கும்

நான்கு மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறை போதும். நான்கு மூலையிலும் கனமான மெத்தை அல்லது துணிமூட்டை, தரையில் ஜமுக்காளம். சுவரெங்கும் ஃபோம் ஒட்டாதீர்கள். ஃபோம் மேல் சுரங்களை மட்டும் தின்றுவிட்டு அடிச்சத்தத்தை அப்படியே விட்டுவிடும்.

டிரம்மர் ஒரு சுவரின் நடுவில். கிட்டார் ஆம்புகள் அவருக்கு இரு பக்கமும், தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில். பாடகர் டிரம்மருக்கு எதிரே, அவரைப் பார்த்து. இது கண்ஜாடைக்காக மட்டும் இல்லை. கார்டியாய்ட் மைக் முன்பக்கத்து ஒலியைத்தான் எடுக்கும், அதன் முதுகுப்பக்கம் காது கேளாது. பாடகர் டிரம்மரைப் பார்த்து நின்றால் மைக்கின் முதுகு டிரம்ஸ் பக்கம் இருக்கும், டிரம்ஸ் சத்தம் கணிசமாகக் குறையும். பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு கனமான போர்வை தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் டிரம்ஸ் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி மைக்கின் முகத்துக்குள் வந்துவிடும். பாடகர் தன் குரலைக் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர், அதையும் மைக்கின் முதுகுக்கு நேராக.

டிரம்ஸுக்கு நான்கு மைக்குக்கு மேல் வேண்டாம். ரோலிங் ஸ்டோன்ஸோடு பல வருடம் வேலை செய்த ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸின் பெயரால் வழங்கும் முறை இதற்கு அளவெடுத்துத் தைத்தது. ஒரு மைக் ஸ்னேருக்கு (டிரம்மரின் முன்னால் உள்ள, சுருக்கென்று ஒலிக்கும் டிரம்) நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். இன்னொன்று ஃபுளோர் டாமுக்கு (தரையில் நிற்கும் டிரம்) வெளிப்பக்கம், அதன் விளிம்புக்கு 15 சென்டிமீட்டர் மேலே, ஸ்னேரைப் பார்த்து. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலை ஸ்னேரில் பிடித்து முதல் மைக் வரை அளந்து, அதே நூலை இரண்டாவதற்குக் கொண்டுபோங்கள். கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, தேவைப்பட்டால் ஸ்னேருக்கு ஒன்று.

நூல் எதற்கு என்றால், ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. இரண்டு மைக்குக்கும் அந்த அளவு தூர வித்தியாசம் இருந்தால், இரண்டையும் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். ஸ்னேரின் ஒலியிலும் ஒரு பங்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது. டிரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்டால் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் நூலை எடுங்கள்.

கிட்டார் ஆம்புக்கு எஸ்எம்57 மைக், ஆம்பின் முன்வலையிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர், ஸ்பீக்கரின் மையத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில். ஒரு மைக் தன் கருவிக்கு 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அடுத்த மைக் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். இந்த மூன்றுக்கு ஒன்று கணக்கைக் காப்பாற்றினால், எல்லா மைக்கிலும் எல்லாக் கருவியும் கசிந்தாலும் கெடுதல் இல்லை. அந்தக் கசிவுதான் 12 பாட்டையும் ஒரே அறையில் நடந்ததாகக் காட்டும்.

கசிவு எல்லை மீறினால் குற்றவாளி மைக் இல்லை, டிரம்மர். 7ஏ அளவு மெல்லிய குச்சி, 20 அங்குல கிக், ரைடு சிம்பலில் அடங்கிய கை. பாடகர் மைக் இல்லாமல் பாடினால் டிரம்மருக்கு வார்த்தை புரிகிறதா? புரிந்தால் சத்தம் சரி. ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் எவ்வளவு குறைவாக அடித்தார் என்பதை அந்த ஆல்பத்தில் கவனியுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துவிட்டால் பதிவுக் கருவியின் பக்கம் அப்புறம் திரும்பவே வேண்டாம்.

டேக்

மைக் வைப்பது, அளப்பது, சரிபார்ப்பது எல்லாம் முந்தின நாள் மாலையே முடிந்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு பாட்டு. ஒரு பாட்டுக்கு மூன்று டேக், அதற்கு மேல் ஓடினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்காவது டேக்கிலிருந்து எல்லோரும் தப்பு செய்யாமல் இருக்க வாசிக்க ஆரம்பிப்பார்கள், அது உடனே காதில் தெரியும். காலையில் நடுத்தர ஷஃபிள், சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவான பாட்டு, தொண்டையைக் கிழிக்கும் பாட்டு கடைசியில். மெட்ரோனோம் வேகத்தைச் சொல்லிக்கொடுக்க மட்டும், பதிவின்போது அணைத்துவிடுங்கள். சோலோவில் வேகம் மூன்று நான்கு ஏறுவது இயல்பு.

ஒரு சுரம் தப்பியதற்காக டேக்கைத் தூக்கி எறியாதீர்கள். நடை தொய்ந்தால் எறியுங்கள். தப்பிய கிட்டார் வரியை மட்டும் பிறகு மாற்றி வாசிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். கிட்டார் டிராக்கில் அழித்தாலும் டிரம்ஸ் மைக்கிலும் பாடகர் மைக்கிலும் அந்தப் பழைய வரி கசிந்து உட்கார்ந்திருக்கும், புதுசுக்குப் பின்னால் பேய் மாதிரி கேட்கும். இரண்டு டேக்கை வெட்டி ஒட்ட மட்டும் முடியும். இரண்டின் வேகமும் நிமிடத்துக்கு இரண்டு அடிக்குள் இருக்க வேண்டும். எல்லா டிராக்கையும் சேர்த்து, புதிய சுற்றின் முதல் கிக் அடிக்கு இம்மி முன்னால் வெட்டுங்கள். சிம்பல் நீண்டு ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரிந்துவிடும்.

விருந்தாளி விஷயத்திலும் அந்த ஆல்பம் கை இறுக்கம். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அதே ஸ்டுடியோ வளாகத்தில் தன் வேலையாக இருந்தவர், இரண்டே பாட்டில் வந்து வாசித்தார், ஒன்றில் ஸ்லைடு (கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிப்பது). குழுவில் இல்லாத ஒன்றைக் கொண்டுவருபவரை மட்டும் கூப்பிடுங்கள். மூன்றாவது தாளக் கிட்டார் யாருக்கும் தேவையில்லை.

மிக்ஸிங், சுருக்கமாக

முன்னால் செய்தது சரியென்றால் இங்கே ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் அதிகம். முதலில் எல்லாவற்றையும் மோனோவில் வைத்துச் சமன் செய்யுங்கள். மோனோவில் குரல் புரிந்தால் எங்கும் புரியும். பிறகு கிட்டார்கள் இரண்டையும் இடமும் வலமுமாக நகர்த்துங்கள், ஓரம் வரை தள்ள வேண்டாம், கசிவு நடுவில் இருக்கும்போது கருவி மட்டும் ஓரத்தில் நின்றால் பொருந்தாது. குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கம்ப்ரெஸர் (சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவி) முள் இரண்டு மூன்று டெசிபலுக்கு மேல் ஆடக் கூடாது, ஆடினால் பாடாத இடத்தில் டிரம்ஸ் பொங்கி எழும். நாய்ஸ் கேட் (சத்தம் குறைந்ததும் ஒலியை அடைத்துவிடும் கருவி) கூடவே கூடாது. அது திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அறையே மறைந்து மறைந்து தோன்றும். குரலுக்கும் ஹார்மோனிகாவுக்கும் 90 முதல் 120 மில்லிசெகண்டில் ஒரே ஒரு எதிரொலி, காதுக்குத் தனியாகத் தெரியாத அளவு, போதும்.

உரிமை

பழைய பாட்டு என்பதால் உரிமை யாருக்கும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், இவற்றில் பெரும்பாலானவை இன்னும் பதிப்புரிமையில் உள்ளவை. பதிவில் பாடியவரே எழுதியவர் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஆல்பத்தின் முதல் பாட்டைப் பலரும் லிட்டில் வால்டருடையது என்பார்கள். எழுதியவர் பட்டி ஜான்சன். அமெரிக்காவில் வெளியிட, ஒருமுறை வெளிவந்த பாட்டை யாரும் மறுபதிவு செய்ய அந்நாட்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கட்டாய உரிமம் தருகிறது, நிர்ணயித்த தொகையைக் கட்ட வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ராயல்டி குறைந்தது 50,000 பிரதிக்குக் கணக்கிடப்படும் என்பதால் சிறு குழுக்கள் நேராக வெளியீட்டாளரிடம் எழுதிப் பேசிவிடுவதே மலிவு. இந்த உரிமங்கள் ஒலிக்கு மட்டும். ஒத்திகை அறையில் எடுத்த காணொளியோடு அதே பாட்டை ஏற்ற வேண்டுமானால் சின்க் உரிமம் (பாட்டைப் படக்காட்சியோடு சேர்க்கும் உரிமம்) தனியாக வாங்க வேண்டும், அதை மறுக்க உரிமையாளருக்கு முழு அதிகாரம் உண்டு. அதனால் கேமராவை வாடகைக்கு எடுக்கும் முன்பே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.